இருபது வயதை ஒட்டித் தொடங்கும் கிட்டப்பார்வை எப்படி வளர்கிறது?

பதினெட்டு வயது முடிந்துவிட்டால் கண்ணாடியின் பவர் ஏறாது என்று நம் வீடுகளில் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். பள்ளிக்காலம் முழுவதும் கடைசி வரிசையிலிருந்தே கரும்பலகையைத் தெளிவாகப் படித்த ஒருவர், கல்லூரியின் மூன்றாம் ஆண்டிலோ வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலோ, தொலைவில் வரும் பேருந்தின் எண் மங்கலாகத் தெரிவதைக் கவனித்துக் கண் பரிசோதனைக்குப் போய், மைனஸ் அரை பவர் என்று எழுதிய சீட்டோடு திரும்பும்போது, இந்த நம்பிக்கைதான் அவரை முதலில் கலங்க வைக்கிறது. வரக்கூடாத வயதில் வந்திருப்பதால் பெரிய கோளாறாக இருக்குமோ என்று அஞ்சுகிறார். இப்போதே அரை என்றால் நாற்பது வயதில் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடவும் தொடங்குகிறார். அவரைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். இளமையின் தொடக்கத்தில் வரும் கிட்டப்பார்வை அரிய ஒன்றன்று. அதற்கென்று ஒரு நடை உண்டு. அந்த நடை பெரும்பாலும் மெதுவானது. அது மெதுவானது என்பதாலேயே, இந்த வயதில் பார்வை வேகமாக மாறினால் அதற்கு வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை முதலில் கருவிழியும் அதன் பின்னே உள்ள லென்ஸும் வளைத்து, பின்சுவரில் படிந்திருக்கும் விழித்திரையின் மேல் குவிக்கின்றன. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. இந்த நீளமும் ஒளியை வளைக்கும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும் வரை தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியும். கண் சற்றே நீண்டுவிட்டால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்து, விழித்திரையைத் தொடும்போது மீண்டும் விரிந்து மங்கலாகிவிடுகிறது. பவரை அளக்கும் அலகு டயாப்டர்; ஒரு மில்லிமீட்டர் நீட்சிக்கு ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் மைனஸ் பவர் சேர்கிறது என்று கொள்ளலாம். அப்படியானால் அரை டயாப்டருக்குத் தேவைப்படும் நீட்சி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்தால் வரும் தடிமன் அவ்வளவு இருக்கும். இவ்வளவு நுண்ணிய பொருத்தத்தைப் பெரும்பாலான கண்கள் பல பத்தாண்டுகள் காத்து வருகின்றன என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

டயாப்டர் என்ற அளவின் பொருளைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். ஒன்றை மைனஸ் பவரால் வகுத்தால், கண்ணாடியில்லாமல் எத்தனை மீட்டர் தொலைவு வரை தெளிவாகத் தெரியும் என்பது கிடைக்கும். அரை பவர் உள்ளவருக்கு 2 மீட்டர், ஒரு பவர் உள்ளவருக்கு 1 மீட்டர், ஒன்றரை பவர் உள்ளவருக்குச் சுமார் 67 சென்டிமீட்டர், இரண்டு பவர் உள்ளவருக்கு 50 சென்டிமீட்டர், மூன்று பவர் உள்ளவருக்குச் சுமார் 33 சென்டிமீட்டர். இந்த வரிசையை மெதுவாகப் பார்த்தால் ஒன்று விளங்கும். பவரே இல்லாத நிலையிலிருந்து அரைக்கு வரும்போது, அடிவானம் வரை தெளிவாக இருந்த உலகம் 2 மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. அரையிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது 1 மீட்டர் குறைகிறது. மூன்றிலிருந்து மூன்றரைக்குப் போனாலோ ஐந்து சென்டிமீட்டர்தான் குறைகிறது. கண்ணில் நடந்த மாற்றம் மூன்று இடத்திலும் ஒரே அளவானது என்றாலும், அதை உணர்பவருக்கு முதல் அரை டயாப்டரே பேரிழப்பாகத் தெரிகிறது. திடீரென்று கண் கெட்டுவிட்டது என்று இருபது வயதுக்காரர்கள் சொல்வதில் உள்ள திடீர்த்தன்மை, பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து வருவதேயன்றி நோயின் வேகத்திலிருந்து வருவதன்று.

அளவீட்டைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடிகள் கால் டயாப்டர் படிகளில் தயாராகின்றன. ஒரே கண்ணை ஒரே வாரத்தில் இருவர் பரிசோதித்தால் கால் டயாப்டர் வேறுபடுவது சாதாரணம்; தூக்கமில்லாத இரவுக்குப் பிறகோ நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்த பிறகோ பரிசோதித்தாலும் வேறுபடக்கூடும். எனவே சென்ற ஆண்டு 0.75, இந்த ஆண்டு 1.00 என்று சீட்டில் இருந்தால், கண் வளர்ந்துவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் பெரும்பாலும் அரை டயாப்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றத்தையே உண்மையான மாற்றமாகக் கொள்கிறார்கள்.

பதினெட்டோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவில் 1990களின் இறுதியில் 6 முதல் 11 வயதுக்குட்பட்ட 469 கிட்டப்பார்வைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த காமெட் என்னும் ஆய்வு, பவர் எந்த வயதில் நிலைபெறுகிறது என்று கணக்கிட்டது. சராசரியாகப் பதினைந்தரை வயதை ஒட்டி அது நிலைபெற்றது. 15 வயதில் 48 விழுக்காட்டினருக்கும், 18 வயதில் 77 விழுக்காட்டினருக்கும், 21 வயதில் 90 விழுக்காட்டினருக்கும், 24 வயதில் 96 விழுக்காட்டினருக்கும் மாற்றம் நின்றிருந்தது. பதினெட்டு என்பது பெரும்பான்மையோருக்குப் பொருந்துகிறது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பொருந்தவில்லை. மேலும், இவர்கள் அனைவரும் சிறுவயதிலேயே கண்ணாடி அணியத் தொடங்கியவர்கள். இருபதில் புதிதாகத் தொடங்குகிறவர்களைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை.

அதைச் சொல்வது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடக்கும் ரெயின் ஆய்வு. தாயின் வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே பின்தொடரப்படும் ஒரு தலைமுறையினரின் கண்களை, 20 வயதில் ஒரு முறையும் 28 வயதில் ஒரு முறையும் அளந்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 20 வயதில் கிட்டப்பார்வை இல்லாதவர்களில் 14 விழுக்காட்டினருக்கு 28 வயதுக்குள் அது வந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு ஒரு கண்ணிலாவது அரை டயாப்டரோ அதற்கு மேலோ மைனஸ் பக்கம் நகர்வு இருந்தது. ஆனால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்த சராசரி நகர்வு ஆண்டுக்கு வெறும் 0.04 டயாப்டர், கண்ணின் நீட்சி ஆண்டுக்கு 0.02 மில்லிமீட்டர். முன்பு சொன்ன மில்லிமீட்டருக்கு இரண்டரை டயாப்டர் என்ற கணக்கில் இந்த இரண்டு எண்களையும் பொருத்திப் பார்த்தால் அவை அருகருகே வந்து நிற்பதைக் காணலாம். இருபதுகளில் பார்வையை மாற்றுவது முதன்மையாகக் கண்ணின் நீட்சியே என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. அதே எட்டு ஆண்டுகளில் கடுமையான கிட்டப்பார்வைக்குப் புதிதாகப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

அப்படியானால் பள்ளிக்காலத்தில் நன்றாக இருந்த கண்ணுக்கு இருபதில் என்ன நேர்ந்தது? பலருக்கும் புதிதாக எதுவும் நேர்ந்துவிடவில்லை என்பதே விடை. சிறு குழந்தைகளின் கண் இயல்பாகவே சற்றுக் குட்டையானது. அவர்களுக்குச் சிறிதளவு பிளஸ் பவர் இருக்கும். குழந்தையின் லென்ஸ் எளிதில் வளைந்துகொடுத்து அதைச் சரிக்கட்டிவிடுவதால் யாரும் அறிவதில்லை. வளரும் காலத்தில் கண் நீள நீள இந்த இருப்பு கரைந்துகொண்டே வருகிறது. எட்டு வயதிலேயே இருப்பைத் தீர்த்துவிட்ட குழந்தை மூன்றாம் வகுப்பில் கண்ணாடி அணிகிறது. மிக மெதுவாகச் செலவழித்தவர் இருபத்திரண்டில் பூச்சியத்தைத் தாண்டுகிறார். கோட்டைத் தாண்டிய நாளை நோய் தொடங்கிய நாளாக நாம் குறித்துக்கொள்கிறோம். சரிவோ பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். தாமதமாகத் தொடங்கும் கிட்டப்பார்வை ஏன் பெரிதாக ஏறுவதில்லை என்பதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. எட்டு வயதில் தொடங்கிய கண்ணுக்கு வளர்ச்சியின் வேகமான ஆண்டுகள் எல்லாம் இன்னும் முன்னால் இருக்கின்றன. ஆண்டுக்கு அரை முதல் ஒரு டயாப்டர் வரை கூட அது ஏறக்கூடும். இருபத்திரண்டில் தொடங்கிய கண்ணுக்கு அந்த ஆண்டுகள் கடந்துபோய்விட்டன.

சரிவுக்கு வேகம் கொடுப்பவற்றுள், நெடுநேரம் அருகில் பார்த்துச் செய்யும் வேலை பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் நுண்ணோக்கியில் நாள் முழுவதும் பணிபுரிபவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1997இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் பவரே இல்லாத கண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கிட்டப்பார்வைக்கு மாறியிருந்தன. லென்ஸுக்குப் பின்னால் கூழ் நிறைந்த அறை நீண்டதே காரணம் என்றும் அது காட்டியது. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரப் பொறியியல் மாணவர்களை மூன்று ஆண்டுகள் அளந்தபோது சராசரியாகச் சுமார் அரை டயாப்டர் மைனஸ் பக்கம் நகர்ந்திருந்தது. பெர்த்தின் சராசரியோடு ஒப்பிட்டால் இது நான்கு மடங்கு வேகம். படிப்பு கடுமையாகும் ஆண்டுகளில் கண் ஏறுகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதே நேரத்தில், வாசிப்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் பொறுப்பன்று. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் வாய்ப்புக் கூடுகிறது; பெர்த் ஆய்வில் பெண்களிடம் நகர்வு சற்று அதிகமாக இருந்தது.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. பகல் ஒளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து கண்ணின் நீட்சிக்குத் தடை போடுகிறது என்பதை விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. திறந்தவெளியின் நிழலில் நின்றாலும் கிடைக்கும் ஒளி, விளக்கு எரியும் அறைக்குள் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பெர்த்தில் இதை அளக்க ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள்: கண்ணின் வெண்பகுதியின் மேற்பரப்பில் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தடத்தைச் சிறப்பு ஒளிப்படத்தில் பதிவுசெய்து அதன் பரப்பைக் கணக்கிட்டார்கள். தடம் குறைவாக இருந்தவர்களிடம், அதாவது வெயிலில் குறைவாக இருந்தவர்களிடம், கிட்டப்பார்வை அதிகமாக இருந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வழக்கமான பாதை எப்படியிருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். 21 வயதில் 0.50 என்று தொடங்கியவர், 23 வயதில் 1.00, 26 வயதில் 1.25, 30 வயதில் 1.50 என்று போய், அதன் பின் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்பது மிகவும் இயல்பானது. தொடக்க ஆண்டுகளில் படிகள் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் வரும். கடுமையாகப் படிக்கும் காலத்தில் ஆண்டுக்குக் கால் டயாப்டர் ஏறலாம். இரண்டு அல்லது மூன்று டயாப்டரைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. ஆனால் சிறுவயதிலேயே தொடங்கி ஆறு, எட்டு என்று ஏறிவிட்ட கண்களின் கதை வேறு. அவற்றுள் சில முப்பதுகளிலும் அதற்குப் பின்னும் நீண்டுகொண்டே இருக்கும். அவர்களுடைய அனுபவத்தை வைத்து, இருபதில் தொடங்கியவரின் எதிர்காலத்தை அளப்பது தவறு.

இந்தப் பாதையிலிருந்து விலகும் பார்வையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். மிகவும் எளிதான காரணம், நெடுநேரம் அருகில் பார்த்த களைப்பில் கண்ணின் உள்தசை இறுகி, தளராமல் நின்றுவிடுவது. கண் நீளவே இல்லை. ஆனாலும் பரிசோதனையில் மைனஸ் பவர் வரும். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு மீண்டும் பார்த்தால் அந்தப் பவர் மறைந்துவிடும் அல்லது வெகுவாகக் குறைந்துவிடும். பார்வை நாளுக்கு நாள் மாறுகிறது, மாலையில் மட்டும் மங்குகிறது என்று உணரும் இளைஞர்கள், சொட்டு மருந்து விட்டுப் பார்க்குமாறு தாங்களாகவே கேட்பது நல்லது. அவசரமாக வாங்கிய முதல் கண்ணாடி தேவையற்றதாக முடிந்தவர்கள் பலர்.

சில வாரங்களுக்குள் ஒன்றோ இரண்டோ டயாப்டர் மாறினால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மிகும்போது லென்ஸின் தன்மை மாறி மைனஸ் பக்கம் நகர்வதுண்டு; மருத்துவம் தொடங்கிச் சர்க்கரை இறங்கும்போது எதிர்ப்பக்கம் நகர்ந்து சில வாரங்களில் நிலைபெறும். அந்த இடைவெளியில் வாங்கும் கண்ணாடி வீணாகிவிடும். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தரப்படும் டோபிரமேட் போன்ற மருந்துகள் சிலருக்குத் திடீர்க் கிட்டப்பார்வையையும் கண் அழுத்தத்தையும் உண்டாக்குகின்றன; மருந்து தொடங்கிய சில வாரங்களில் வலியோடு பார்வை மங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கருவிழி கூம்பாகும் நோயைத் தவறவிடுவதைத்தான். பதின்ம வயதுக்கும் முப்பதுக்கும் இடையில், அதாவது இயல்பான கிட்டப்பார்வை தொடங்கும் அதே வயதில், கருவிழி மெலிந்து முன்னோக்கிப் புடைக்கத் தொடங்குகிறது. சீட்டில் மைனஸ் பவரோடு, கருவிழியின் வளைவு திசைக்குத் திசை வேறுபடுவதைச் சரிக்கட்டும் சிலிண்டர் பவரும் ஒவ்வொரு முறையும் ஏறுவது, அதன் கோணம் மாறிக்கொண்டே இருப்பது, புதிய கண்ணாடி போட்டும் கடைசி வரிகள் தெளியாமல் எழுத்துகளுக்கு நிழல் விழுவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஒவ்வாமையால் அரிப்பெடுத்துக் கண்ணை ஓயாமல் கசக்குகிறவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. கருவிழியின் வடிவத்தை வரைபடமாக எடுக்கும் பரிசோதனையில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தி, மேலும் மோசமாகாமல் நிறுத்த இன்று வழி இருக்கிறது. இழந்த வடிவத்தை அது முழுமையாக மீட்டுத் தராது என்பதால் காலம் தாழ்த்தாமல் கண்டுபிடிப்பது முக்கியம்.

கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிப் பவர் ஏறும் என்று நினைத்துச் சீட்டை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. கண்ணின் நீளத்தைக் கண்ணாடி கூட்டுவதில்லை. மலேசியாவில் குழந்தைகளிடம் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே குறைந்த பவர் கொடுக்கப்பட்டவர்களுக்கே கிட்டப்பார்வை வேகமாக ஏறியது. கண்ணாடியைப் போட்டுக் கழற்றும்போது உலகம் முன்பைவிட மங்கலாகத் தெரிவது, தெளிவு எப்படியிருக்கும் என்று மூளை இப்போது அறிந்துகொண்டதால்தான். வாகனம் ஓட்டுகிறவர்கள் அரை பவரையும் அலட்சியம் செய்யக்கூடாது. இருட்டில் கண்மணி விரிவதால் மங்கல் இன்னும் கூடும். கண் பயிற்சிகள் களைப்பைக் குறைக்கக்கூடும். நீண்டுவிட்ட கண்ணைக் குறுக்குவதில்லை. குழந்தைகளுக்குப் பயன்படும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும் சிறப்புக் கண்ணாடிகளும் வளரும் வயதுக்காக உருவானவை, ஆண்டுக்கு 0.04 டயாப்டர் நகரும் கண்ணில் அவற்றால் தடுக்கக்கூடியது மிகச் சிறிதே.

லேசர் சிகிச்சையை எண்ணுகிறவர்களுக்குப் பாதையின் வடிவம் நேரடியாகப் பயன்படுகிறது. லேசர் கருவிழியைச் செதுக்கித் தட்டையாக்குகிறதே தவிர, கண்ணின் நீளத்தை மாற்றுவதில்லை. 22 வயதில் செய்துகொண்டவரின் கண் 28 வரை நீண்டுகொண்டிருந்தால் சிறிது மைனஸ் திரும்பி வரும். கடந்த ஓராண்டில் மாற்றம் அரை டயாப்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது. திருமணத் தேதியையோ வேலைத் தேர்வையோ முன்னிட்டு அவசரப்படுகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டுச் சீட்டுகளையாவது அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

விழித்திரை விலகுவது, மையப்பகுதி சிதைவது போன்ற ஆபத்துகள் பவர் கூடக் கூட ஏறுகின்றன. ஒன்றரை பவருடன் நிற்கும் கண்ணுக்கு அவை குறைவு என்றாலும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணில் மின்னல் போன்ற ஒளிக்கீற்று, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகளின் கூட்டம், ஓரத்திலிருந்து திரை இழுப்பது போன்ற இருள் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே விழித்திரையைக் காட்ட வேண்டும்.

இயல்பான பாதையில் போகிறவர் நாற்பத்தைந்தை எட்டும்போது, அவருடைய வயதை ஒத்த பிறருக்கு வெள்ளெழுத்து வந்து, செய்தித்தாளைக் கையெட்டும் தொலைவுக்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குவார்கள். ஒன்றரை அல்லது இரண்டு பவரில் நின்றவருக்கும் லென்ஸ் அதே அளவு விறைத்திருக்கும். கண்ணாடியோடு அவராலும் அருகில் படிக்க முடியாது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால், இளமையில் கணக்கிட்ட அதே 50 முதல் 67 சென்டிமீட்டர் வரையிலான தொலைவில் எழுத்துகள் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.